இல்லை என்று எழுதிக் கொடுப்பவள்

பாண்டியம்மாளுக்குப் பல்கலைக்கழக நூலகத்தில் என்ன வேலை என்பது அவளுடைய அப்பா காளைக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. கீழக்குயில்குடியில் மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. மகள் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள், அதற்கு மேல் நூலகப் படிப்பும் படித்தவள் என்று யார் கேட்டாலும் சொல்வார். அதற்கு அடுத்த கேள்வியில்தான் மாட்டிக்கொள்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளிடமே கேட்டுவிட்டார்.

"ஏத்தா, புஸ்தகம் எடுத்துக் குடுக்கிற வேலையா?"

"அதுக்கு மலைச்சாமி அண்ணன் இருக்காருப்பா."

"அப்ப நீ என்னதான் செய்யிற?"

"ஒருத்தர் ஒரு பொருளைப் புதுசா கண்டுபிடிச்சேன்னு வருவாரு. இதுக்கு முன்னாடி உலகத்துல வேற யாராச்சும் அதைக் கண்டுபிடிச்சிருக்காங்களான்னு தேடுவேன். இருந்தா இருக்குன்னு சொல்லுவேன். இல்லாட்டி இல்லைன்னு எழுதிக் குடுப்பேன்."

காளை வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "இல்லைன்னு சொல்றதுக்கா சர்க்காரு சம்பளம் குடுக்குது? நம்ம ரேஷன் கடைக்காரன் தெனமும் அதைத்தான சொல்றான்."

அடுப்படியில் இருந்த மாயக்காள் மகளைச் சும்மா விடவில்லை. "வேலையிலயும் இல்லைங்கிறா, வந்த மாப்பிள்ளைக்கெல்லாம் இல்லைங்கிறா. பழகின வாயி, வேற என்ன சொல்லும்?"

பாண்டியம்மாள் சிரித்தாள். அவளுக்கு முப்பது தாண்டியிருந்தது. திருப்பரங்குன்றத்தில் ஒரு ஓட்டு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தாள். வாரம் முழுக்க வேலை, ஞாயிறு ஊர். அவளும் ஆராய்ச்சிக்குச் சேர ஆசைப்பட்டவள்தான். உதவித்தொகை அமையவில்லை, நூலக வேலை அமைந்தது. அதைப் பற்றி அவள் குறைப்பட்டு யாரும் கேட்டதில்லை. சோதனைச்சாலையில் அமிலப் புகைக்குள் நிற்காமலே ஊர்ப்பட்ட பேருடைய ஆராய்ச்சிக்குள் போய் வர முடிகிறதே என்று மட்டும் ஒருமுறை சொன்னாள்.

நூலகத்தின் மாடியில் அறிவியல் பிரிவு இருந்தது. அங்கே ஒரு சுவர் முழுவதையும் வேதியியல் சுருக்கத் தொகுதிகள் அடைத்துக்கொண்டிருந்தன. உலகத்தில் எந்த மொழியில் எந்தப் பத்திரிகையில் வேதியியல் கட்டுரை வந்தாலும், அதன் சாரத்தை நாலு வரியில் சுருக்கி, எண் போட்டு அச்சடித்து அனுப்புவார்கள். கப்பலில் வருவதால் மாதங்கள் கழித்துத்தான் மதுரைக்கு வந்து சேரும். அரை வருஷத்துக்கு ஒருமுறை அவற்றுக்கான அட்டவணை வரும். அட்டவணையில் இரண்டு வகை. ஒன்று பெயரை வைத்துத் தேடுவது: செடியின் பெயர், பொருளின் பெயர். மற்றது வாய்பாட்டை வைத்துத் தேடுவது: கார்பன் இத்தனை, ஹைட்ரஜன் இத்தனை, ஆக்ஸிஜன் இத்தனை என்று வரிசைப்படுத்தியிருக்கும். ஒரே பொருளுக்கு ஜப்பான்காரர் ஒரு பெயர் வைப்பார், ஜெர்மன்காரர் வேறு பெயர் வைப்பார். வாய்பாடு மட்டும் மாறாது. ஆகவே ஒரு பொருள் புதியதா என்று தெரிய வேண்டுமானால் வாய்பாட்டு அட்டவணையைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய வருஷத்தில் ஆரம்பித்து இன்றைய தேதிவரை ஒவ்வொரு அரை வருஷமாக. எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கும். பாதி ஆராய்ச்சி மாணவர்கள் நடுவிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

பாண்டியம்மாள் போகமாட்டாள். இடது கையில் ஒரு மர ஸ்கேலை வைத்து வரிக்கு வரி இறக்கிக்கொண்டே வருவாள். வேதியியல் துறையில் பேராசிரியர் ராஜாராமனிடம் யாராவது ஆய்வேட்டை நீட்டினால் அவர் முதலில் கேட்பது, "பாண்டியம்மா பார்த்தாச்சா?" என்பதுதான். அவள் கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருந்தால்தான் அவர் பேனாவை எடுப்பார். விதி ஒன்றும் இல்லை. அப்படியே பழகிப்போயிருந்தது.

அவளுக்கென்று ஒரு கட்டுப்பாடு இருந்தது. 'இருக்கு' என்பதை யார் சொன்னாலும் எழுதிக்கொள்ளலாம், பிறகு போய்ச் சரிபார்க்கலாம். 'இல்லை' என்பதைத் தன் கண்ணால் பார்க்காமல் எழுதக் கூடாது. இல்லாததைச் சரிபார்க்க ஒரு பக்க எண்ணும் கிடையாது.

அந்த மாடியில் வேறொரு வழக்கமும் இருந்தது. சுருக்கத் தொகுதிகளை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். சாயங்காலம் பாதியில் வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில் வேறொருவர் கையில் இருக்கும். அதனால் மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய தொகுதியைப் போகும்போது எங்காவது செருகிவிட்டுப் போவார்கள். சட்டசபை நடவடிக்கைகளுக்குப் பின்னால், உயரமான அலமாரியின் மேல், சோவியத் நாட்டிலிருந்து இனாமாக வந்து யாரும் தொடாமல் இருந்த ரஷ்ய மொழிப் பத்திரிகைகளுக்குப் பின்னால். புத்தகங்களை அடுக்கும் மலைச்சாமி இதற்கு 'பழுக்கப் போடுறது' என்று பெயர் வைத்திருந்தார், வாழைத்தாரைப் பானைக்குள் மூட்டம் போடுவது போல.

"தாயி, அந்தத் தாவரவியல் தம்பி ஒண்ணைப் பழுக்கப் போட்டிருக்கு. எடுத்துரவா?"

"இருக்கட்டும் அண்ணே. நாளைக்கு வந்து அவரே எடுப்பாரு."

உழைக்கிற பிள்ளைகள்தான் ஒளித்து வைக்கிறார்கள், ஊர் சுற்றுகிறவன் எதற்கு ஒளித்து வைக்கப்போகிறான் என்பது அவள் கணக்கு. சனிக்கிழமை மதியம் மலைச்சாமி ஒரு சுற்று வந்து, உரிமைக்காரர் வராதவற்றை மட்டும் இடத்தில் வைப்பார். எது எங்கே பழுக்கிறது என்பது அவளுக்கு ஏறக்குறையத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எழுபத்தெட்டாம் வருஷம் வைகாசியில் கல்யாணராமன் அவளிடம் வந்தான். தல்லாகுளத்துக்காரன், ராஜாராமனின் மாணவன், தேய்த்த சட்டை, நிதானமான பேச்சு. சமணர் மலையைச் சுற்றி முளைத்துக் கிடக்கும் சங்கஞ்செடியின் வேர்ப்பட்டையிலிருந்து மஞ்சள் நிறத்தில் ஒரு படிகப்பொருளைப் பிரித்திருந்தான். அது புதியது என்பதுதான் அவனுடைய ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம். மற்ற அத்தியாயங்கள் அதைச் சுற்றி நின்றன.

பாண்டியம்மாள் ஸ்கேலை எடுத்தாள். ஒரு வாரம் போயிற்று. ஒன்றும் அகப்படவில்லை. எழுபத்து மூன்றின் முதல் பாதிக்கு வந்தபோது தட்டில் அந்தத் தொகுதி இல்லை. அந்த அரை வருஷத்துப் பெயர் அட்டவணையையும் வாய்பாட்டு அட்டவணையையும் ஒரே அட்டைக்குள் தைத்து வைத்திருந்தார்கள், செங்கல் கனத்துக்கு. அது இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி மட்டும் இருந்தது. முந்தின வாரம்தான் தையல் விட்ட புத்தகங்களை ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு பைண்டிங்குக்குப் போயிருந்தது. மலைச்சாமியைக் கேட்கலாமென்றால் அவர் விசாகத்துக்குப் பால்குடம் எடுக்கத் திருப்பரங்குன்றம் போயிருந்தார்.

கல்யாணராமன் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான். டைப் அடிக்கிறவர் வேறு வேலையை ஒத்துக்கொள்வதற்குள் அவரிடம் கொடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான்.

"எழுபத்து மூணு முதல் பாதி இல்லையே. பைண்டிங்குக்குப் போயிருக்கும்" என்றாள்.

"அதை நான் பங்குனியிலேயே பார்த்துட்டேன் மேடம். அதுல ஒண்ணும் இல்லை."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன்."

அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை. அது அவளுக்குத் தெரியும். பைண்டிங்கிலிருந்து வந்ததும் தானும் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மீதி வருஷங்களை முடித்துவிட்டு, 'இப்பொருள் இதுவரை அறிவிக்கப்பட்டிருக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். ஆனியில் வண்டி திரும்பி வந்தது. அதற்குள் அவள் வேறொருவருடைய பொருளைத் தேடிக்கொண்டிருந்தாள். அதுவும் அதற்கு அடுத்ததும் பழைய வருஷங்களிலேயே அகப்பட்டுவிட்டதால் எழுபத்து மூன்றுவரை அவள் போகவே இல்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. தீபாவளி கழிந்த வாரம் மாடியின் மேற்கு மூலையில் ஒழுகி, இரண்டு தட்டுகள் நனைந்துபோயின. சுருக்கத் தொகுதிகளில் ஒன்றிரண்டு ஊறிக் கிடந்தன. அறுபத்தெட்டின் பின்பாதி அட்டவணையைத் தூக்கினால் தண்ணீர் சொட்டியது. மலைச்சாமி ரஷ்யப் பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக இறக்கி நடைபாதையில் அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் அவர் குரல் கேட்டது.

"தாயி, இங்கன ஒண்ணு பழுத்து அழுகியே போச்சு."

ஈரம் படாமல், தூசி மட்டும் படிந்து, எழுபத்து மூன்றின் முதல் பாதி அவர் கையில் இருந்தது.

"இது எப்ப இருந்துண்ணே?"

"பங்குனியில கல்யாணராமன் சாமி வச்சது. மறுநா வருவாருன்னு பார்த்தேன், மஞ்சக்காமாலைன்னு ஒரு மாசம் படுத்துட்டாரு. பெறகு வந்து எடுத்திருப்பாருன்னு நெனச்சேன். ரஷ்யாக்காரன் பொஸ்தகத்துக்குப் பின்னாடி யாரு கைய விடுறா?"

பாண்டியம்மாள் அதை மேஜைக்குக் கொண்டுபோனாள். ஒரு நனைந்த துணியால் அட்டையைத் துடைத்தாள். ஸ்கேலை எடுக்கவில்லை. அந்த வாய்பாடு அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. வாய்பாட்டு அட்டவணையைத் திறந்து நேரே அந்த இடத்துக்குப் போனாள். அது இருந்தது. பக்கத்தில் சுருக்கத்தின் எண்ணும் இருந்தது. எண்ணை வைத்து இன்னொரு தொகுதியில் சுருக்கத்தை எடுத்தாள். போலந்து நாட்டில் மூன்று பேர், ஆப்பிரிக்காவில் வளரும் வேறொரு செடியின் வேரிலிருந்து பிரித்திருந்தார்கள். மஞ்சள் படிகம், அதே உருகுநிலை. சங்கஞ்செடியின் பெயர் எங்குமே இல்லை. செடியின் பெயரை வைத்துத் தேடியவனுக்கு இரண்டு நாள் அல்ல, இருபது நாள் உட்கார்ந்தாலும் அகப்பட்டிருக்காது.

மலைச்சாமி எட்டிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, அவள் முகத்தைப் பார்த்தார்.

"என்ன, இல்லைன்னு எழுதினது இருக்கா?"

"இருக்குண்ணே."

"தீஸிஸ் குடுத்தாச்சா அந்தச் சாமி?"

"திங்கக்கெழமை குடுக்கப்போறாரு."

மலைச்சாமி குரலைத் தாழ்த்தினார். "மூடி வைங்க தாயி. வச்ச எடத்துலயே வச்சிருவோம். நீங்களும் நானுந்தானே பார்த்தோம்."

அது நடக்காத காரியம் என்று அவளால் சொல்ல முடியவில்லை என்பதுதான் உண்மை. ஆய்வேடு வெளியூர்த் தேர்வாளர்களுக்குப் போகும். அவர்களில் யாராவது போலந்துக்காரர்களைப் படித்திருந்தால் தெரிந்துவிடும், படித்திருக்காவிட்டால் தெரியாது. தெரிந்தால் கல்யாணராமன் பாடு. அவளை யாரும் தண்டிக்கப்போவதில்லை. ஆனால் சொல்லிவிட்டால், இதற்கு முன் எழுதிக் கொடுத்த 'இல்லை'களில் இன்னும் எத்தனை இப்படி என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மற்றவர்கள் கேட்கும் முன் அவளே கேட்டுப் பார்த்தாள். அன்று சாயங்காலம்வரை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினாள். யாரோ சொல்லி எழுதியது வேறு எதுவும் இல்லை, இது ஒன்றுதான். அந்த ஒன்றை வெளியில் சொன்னால் மற்றவற்றையும் யார் நம்புவார்கள்?

மறுநாள் சனிக்கிழமை. அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தல்லாகுளத்துக்குப் பஸ் ஏறினாள்.

பெருமாள் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. கதவைத் திறந்தது கல்யாணராமனின் அம்மா அனந்தலக்ஷ்மி. நூலகத்து மேடம் என்றதும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ, வாங்கோ. இவன் உங்களைப் பத்திச் சொல்லிண்டே இருப்பான். பைண்ட் ஆயி வந்துடுத்து, பாருங்கோ."

பூஜை அலமாரியில், படங்களுக்கு முன்னால், ஆய்வேட்டின் பிரதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கறுப்பு அட்டையில் தங்க எழுத்து. மேலே இருந்த பிரதியின் மூலையில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒரு முழம் மல்லிகைப் பூவையும் சாத்தியிருந்தார்கள்.

கல்யாணராமன் உள்ளேயிருந்து வந்தான். அவளை அங்கே எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

"உட்காருங்க மேடம். ஏதாவது கையெழுத்துப் பாக்கியா?"

"எழுபத்து மூணு முதல் பாதி கிடைச்சிருச்சு" என்றாள் பாண்டியம்மாள். "அதுல இருக்கு. போலந்துல பண்ணியிருக்காங்க."

அவன் அவளையே பார்த்தான். "நான் பார்த்தேனே."

"எதைப் பார்த்தீங்க?"

"சங்கஞ்செடி பேர்ல பார்த்தேன். அந்தக் குடும்பம் பூரா பார்த்தேன்."

"வாய்பாட்டுல?"

அவன் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு, "மறுநாள் பார்க்கலாம்னு வச்சேன். அதுக்குள்ள ஜுரம் வந்துடுத்து" என்றான். "வால்யூம் எங்கே இருந்தது?" என்று கேட்டான்.

"ரஷ்யப் பத்திரிகைக்குப் பின்னாடி."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "தாவரவியல் நல்லகாமன் எடுத்துடக் கூடாதுன்னு நான்தான் வச்சேன்."

"தெரியும்."

அனந்தலக்ஷ்மி காபியோடு வந்தவர் இருவர் முகத்தையும் பார்த்து நின்றுவிட்டார். "என்னடா?"

"ஒண்ணுமில்லைம்மா. எனக்கு முன்னாடியே போலந்துல பண்ணிட்டாளாம்."

"அவா அங்கே பண்ணினா, நீ இங்கே பண்ணினே. இதுல என்ன வந்தது? அவாளைப் பார்த்தா நீ எழுதினே?"

"அப்படி இல்லைம்மா."

"பின்னே எப்படி? ஊர்ல எல்லாராத்துலயும்தான் சாம்பார் பண்றா. யாரு மொதல்ல பண்ணினான்னா பார்க்கறா?"

யாரும் சிரிக்கவில்லை. அனந்தலக்ஷ்மி காபியை வைத்துவிட்டு உள்ளே போனார். கல்யாணராமன் பூஜை அலமாரியைப் பார்த்தபடி மெதுவாகப் பேசினான்.

"திங்கட்கிழமை குடுத்துடறேனே மேடம். அப்பா ரிட்டயர் ஆகி ஒரு வருஷம் ஆச்சு. நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியப்போறதில்லை."

"குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். நான் யார்கிட்டயும் போய்ச் சொல்லப்போறதில்லை" என்றாள் பாண்டியம்மாள். "என் தாளை மட்டும் திருப்பிக் குடுங்க."

"எந்தத் தாள்?"

"இல்லைன்னு எழுதினது."

அந்தத் தாள் இல்லாமல் ராஜாராமன் பேனாவை எடுக்கமாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். வாசலில் ஒரு ரிக்‌ஷா மணியடித்துக்கொண்டு போனது. அவன் எழுந்து போய் ஒரு காக்கி ஃபைலைக் கொண்டுவந்து, தாளை உருவிக் கொடுத்தான். அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, காபியைக் குடித்து முடித்தாள். குடிக்காமல் எழுந்தால் அந்த அம்மாள் மனம் கஷ்டப்படும்.

கல்யாணராமன் தானாகவே ராஜாராமனிடம் போய்ச் சொன்னான். மூன்றாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. 'புதிய' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இச்செடியிலிருந்து முதன்முறையாக' என்று போட்டு, அதை நிமிர்த்தி வைக்க மேலும் சில சோதனைகள் செய்து, மறு வருஷம் பட்டம் வாங்கினான். திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. கெட்டவன் இல்லை. பாண்டியம்மாளைப் பற்றி அவன் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் தொகுதி எப்படிக் காணாமல் போனது என்பதையும் சொல்லவில்லை. ஆகவே துறைகளின் வராந்தாக்களில் கதை தன் பாட்டுக்கு ஒரு வடிவம் எடுத்தது: பாண்டியம்மாள் ஒரு வால்யூமைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அது பொய்யும் இல்லை என்பதால் அவள் யாரையும் திருத்தவில்லை.

அவள் செய்தது இரண்டு காரியம். பழுக்கப் போடுவது அன்றோடு நின்றது. தினமும் சாயங்காலம் மலைச்சாமி எல்லா மறைவிடத்திலும் கையை விட்டுத் துழாவி எடுத்து இடத்தில் வைத்தார். மாணவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாவது, அவள் எழுதிக் கொடுக்கும் தாளில் 'பார்க்காதவை' என்று ஒரு தலைப்பு வந்தது. பைண்டிங்கில் இருப்பது, கப்பலில் வந்து சேராதது, மழையில் நனைந்தது என்று அதன் கீழே எழுதுவாள். ராஜாராமனுக்கு அது பிடிக்கவில்லை.

"என்னம்மா இது, ரேடியோவில் மழை வரலாம், வராமலும் போகலாம்னு சொல்ற மாதிரி இருக்கு. இருக்கா இல்லையா?"

"பார்த்த வரைக்கும் இல்லை சார்."

"முன்னெல்லாம் இல்லைன்னு ஒரே வார்த்தையில எழுதுவீங்களே."

"அது முன்னால சார்."

அந்தச் சமயம் மெட்ராஸில் கம்ப்யூட்டரில் தேடித் தரும் ஏற்பாடு வந்திருந்தது. தேட வேண்டிய சொற்களை எழுதி அனுப்பினால், ஓரத்தில் ஓட்டை போட்ட அகலக் காகிதத்தில் விடையை அச்சடித்து அனுப்புவார்கள். காந்த நாடாவில் ஏற்றியிருந்தது சமீபத்திய வருஷங்கள் மட்டும்தான் என்றாலும் காகிதத்தின் கம்பீரமே தனி. மாணவர்கள் அதை மடிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். பாண்டியம்மாளின் மேஜைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஸ்கேல் மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. அவளுக்குப் புத்தகப் பட்டியல் அட்டை எழுதும் வேலையும், கிழிந்த பக்கம் ஒட்டும் வேலையும் கொடுத்தார்கள்.

"என்ன தாயி, உங்க கடைக்கு ஈ ஓட்ட ஆள் வேணுமா?" என்று மலைச்சாமி கேட்பார்.

"நீங்க இருக்கீகளேண்ணே."

ஒரு வருஷத்துக்கும் மேலாக அப்படியே போனது. எண்பதின் ஆரம்பத்தில் ஒருநாள் நல்லகாமன் வந்தான். எதை அவன் எடுத்துவிடக் கூடாது என்று கல்யாணராமன் ஒளித்து வைத்தானோ அந்த நல்லகாமன்தான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், தாவரவியல் துறை, செருப்பில் எப்போதும் மலைச் செம்மண். ஒரு கொடியின் கிழங்கிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துக் கையில் வைத்திருந்தான்.

"அக்கா, தேடித் தரணும்."

"மெட்ராசுக்கு எழுதிப் போடலையா?"

"போட்டேன். இல்லைன்னு வந்திருச்சு. ஆனா அந்த நாடா எந்த வருசத்துல ஆரம்பிக்குதுன்னு பார்த்தா, அதுக்கு முன்னாடி உலகத்துல ஒருத்தனும் கெழங்கே தோண்டாத மாதிரியில்ல இருக்கு."

"நான் வால்யூமை விட்டவ. கேள்விப்பட்டிருப்பியே."

"கேள்விப்பட்டேன். தல்லாகுளத்துக்கு வீடு தேடிப் போனதையும் கேள்விப்பட்டேன்." அவன் தலையைச் சொறிந்தான். "எங்க சாரும் அரை மனசாத்தான் அனுப்பினாரு. எனக்கு ஒண்ணுதாங்க்கா. கெடக்குன்னா இப்பவே சொல்லிருங்க, வேற கெழங்கைத் தோண்டிக்கிறேன். அச்சடிச்சு அட்டை போட்ட பெறகு சொல்லாதீங்க."

"இல்லைன்னு சொன்னா நம்புவியா?"

"நீங்க நம்பினா நானும் நம்புறேன்."

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஸ்கேலை எடுத்தாள்.

தேடல் நாலு வாரம் இழுத்தது. இந்த முறை யாருடைய வார்த்தையையும் அவள் கேட்கவில்லை. பைண்டிங்கில் இருந்ததை வரும்வரை காத்திருந்து பார்த்தாள். எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று நின்றது: அறுபத்தெட்டின் பின்பாதி. மழையில் ஊறிய தொகுதி. காயவைத்தபோது வழவழப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலகை மாதிரி ஆகியிருந்தன. கத்தியை விட்டுப் பிரித்தால் எழுத்து உரிந்து வந்தது.

"பார்க்காதவைன்னு போட்டுக் குடுத்துருங்க தாயி" என்றார் மலைச்சாமி. "இப்ப அதானே வழக்கம்."

அப்படித்தான் போட்டிருப்பாள். நல்லகாமன் அதையும் வாங்கிக்கொண்டு போயிருப்பான். ஆனால் அந்த ஒரு வரியை எழுதப் பேனாவைத் திறந்தவள் மூடிவிட்டாள். காரைக்குடியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் அதே தொகுதிகள் இருப்பது அவளுக்குத் தெரியும். மறுநாள் லீவு சொல்லிவிட்டு, தூக்குச்சட்டியில் தயிர்சோற்றைக் கட்டிக்கொண்டு காலைப் பஸ்ஸில் ஏறினாள்.

திருப்பத்தூர் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அந்த நூலகத்தில் சுடலை என்று ஒரு உதவியாளர் இருந்தார். வயதானவர், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். அவளுடைய அடையாளச் சீட்டைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மதுரையிலருந்தா? எந்தப் பக்கம்னு சொல்லுங்கம்மா. நகல் எடுத்துத் தரச் சொல்றேன். நேர்ல வரணுமா, ஒரு கார்டு போட்டிருக்கலாமே."

"பக்கம் இருந்தாத்தாங்க நகல் எடுக்க முடியும்."

"அப்ப எதைப் பார்க்க வந்தீங்க?"

"இல்லைங்கிறதைப் பார்க்க வந்தேன்."

சுடலை கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கி அவளை ஒருமுறை பார்த்தார். "இல்லாததைப் பார்க்க இம்புட்டு தூரமா?" என்று சிரித்துவிட்டு, உள்ளே போய்த் தொகுதியைத் தூக்கிவந்து மேஜையில் வைத்தார். நல்ல கட்டு, ஒரு பக்கமும் மடங்காதது. இந்த ஊர்க்காரர்கள் அதை அதிகம் புரட்டவில்லை போலிருக்கிறது.

பாண்டியம்மாள் வாய்பாட்டு அட்டவணையைத் திறந்தாள். பையிலிருந்து ஸ்கேலை எடுத்து வரிக்குக் கீழே வைத்து இறக்கினாள். நல்லகாமனுடைய வாய்பாட்டுக்கு முந்தினது இருந்தது. அதற்கு அடுத்தது இருந்தது. நடுவில் எதுவும் இல்லை. பக்கத்தின் அடியிலிருந்து மேலே ஒருமுறை ஏறி வந்தாள். பிறகு பெயர் அட்டவணையிலும் பார்த்தாள். ஹைட்ரஜன் கணக்கில் ஒன்று கூடக்குறைய யாராவது தப்பாக எழுதியிருக்கலாம் என்று அக்கம்பக்கத்து வாய்பாடுகளையும் பார்த்தாள்.

சுடலை டீ வரவழைத்துக் கொடுத்தார். "அகப்பட்டுதா?"

"அகப்படலைங்க."

"அடடா" என்றார் அவர், பழக்கத்தில்.

பாண்டியம்மாள் டீயைத் தள்ளி வைத்துவிட்டு, கொண்டுவந்திருந்த தாளை மேஜையில் விரித்தாள். 'பார்க்காதவை' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு கோடு போட்டு அந்த இடத்தை அடைத்தாள். அதற்குக் கீழே ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மை காயும்வரை ஊதிவிட்டு, மதுரைக்கு அடுத்த பஸ் எப்போது என்று சுடலையிடம் கேட்டாள்.